சட்டப்படி கொலைன்னு ஒண்ணு இருக்கா?

போன வாரம் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஏதோ படித்துவிட்டு வந்த உற்சாகத்தில், "ஈராக் போரில் செத்துப்போன ஒரு டீவி நிருபரோட சாவு 'சட்டவிரோதக் கொலை'ன்னு இங்கிலாந்துல தீர்ப்பு சொல்லியிருக்காங்க சார்" என்று ஆரம்பித்தேன். எதிரே கணேசன் சார் (பெயர் மாற்றப்பட்டுள்ளது, அவர் இதைப் படிப்பார்!) தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்கி, "சட்டவிரோதக் கொலையா? அப்ப சட்டப்படி கொலைன்னு ஒண்ணு இருக்காய்யா?" என்றார். மொத்த மேசையும் சிரித்தது.

அதோடு விடவில்லை. "அதுவும் சண்டை நடக்கற எடத்துல. சண்டைன்னா சாவு இருக்கத்தானே செய்யும்? அதுக்கு எதுக்கு ஒரு விசாரணை, ஒரு தீர்ப்பு?" என்று இன்னொரு கேள்வியையும் போட்டார். அதற்குள் மணி இரண்டு ஆகிவிட்டது, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் இரண்டு கேள்வியும் மண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து நாலு ராத்திரி துருவியதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரு வரிப் பதில்: இருக்கு. ஆனால் தமிழில் சொன்னால் காமெடியாகத்தான் இருக்கும். காரணம் நம் சொல். 'கொலை' என்று சொல்லும்போதே நாம் பழியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். வள்ளுவர்கூட கொல்லாமைக்கு ஒரு அதிகாரம் வைத்துவிட்டு, செங்கோன்மை அதிகாரத்தில் அரசன் கொடியவர்களைக் கொன்று தண்டிப்பதைப் பயிரில் களை எடுப்பதோடு ஒப்பிடுகிறார். இரண்டும் உயிரைப் பறிப்பதுதான். ஆனால் ஒன்று பாவம், இன்னொன்று கடமை.

ஆங்கிலச் சட்டத்தில் 'ஹோமிசைட்' என்றால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைச் சாகடித்தான், அவ்வளவுதான். சரியா தப்பா என்பது அந்தச் சொல்லில் இல்லை. அதற்கப்புறம்தான் பிரிக்கிறார்கள். கொல்ல வந்தவனைத் தடுக்கும்போது அவன் செத்தால் அது சட்டத்துக்கு உட்பட்டது. வேண்டுமென்றே கொன்றால் 'மர்டர்'. அந்த அளவுக்கு இல்லாமல், ஆனால் குற்றம் என்று சொல்லும்படி கொன்றால் 'மான்ஸ்லாட்டர்'. நம் ஊர்ப் பேப்பரில் 302, 304 என்று படித்துப் பழகினோமே, கிட்டத்தட்ட அதே பிரிவினைதான் (2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்து நம்பர் எல்லாம் மாறிவிட்டது. 302 இப்போது 103, 304 இப்போது 105).

சரி, 'அன்லாஃபுல் கில்லிங்' என்று தீர்ப்பு சொல்வது யார்? கிரிமினல் கோர்ட் இல்லை. கரோனர் என்று ஒருத்தர். இந்த ஆளின் கதை தெரிந்தால்தான் மீதி புரியும்.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' என்று படித்திருப்பீர்கள், அவர்தான். நம் பக்கம் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கரோனர் இருந்தார். பம்பாயில் 1999ல் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். இப்போது இந்தியாவில் அந்த வேலையைப் போலீசும் மாஜிஸ்திரேட்டும் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் இந்தப் பதவி 1194ல் வந்தது. ரிச்சர்ட் ராஜா சிலுவைப்போர் முடிந்து திரும்பி வரும் வழியில் மாட்டிக்கொண்டு, பெரும் பிணைத்தொகை கொடுத்து மீட்கப்பட்ட காலம். கஜானா காலி. அப்போது ஒவ்வொரு கவுண்டியிலும் ராஜாவுக்குச் சேரவேண்டியதைக் கவனிக்க ஆட்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 'கிரவுன்' என்பதிலிருந்துதான் கரோனர். பிணத்தைப் பார்க்க வந்தவர் அல்ல, ராஜாவின் பாக்கியை வசூலிக்க வந்தவர்!

ஒரு பிணம் கிடந்தால் ராஜாவுக்கு என்ன வரும்படி என்கிறீர்களா? நிறைய. ஒருத்தன் மேல் வண்டி ஏறிச் செத்தால் அந்த வண்டியோ அதன் விலையோ அரசுக்குச் சேரும் (இந்த வழக்கம் 1846 வரை இருந்தது). இதைவிட விசேஷம் ஒன்று உண்டு. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, உள்ளூர்க்காரர்கள் அவர்களை இருட்டில் தீர்த்துக்கட்டுவார்களோ என்று பயம். அதனால் ஒரு சட்டம். அடையாளம் தெரியாத பிணம் கிடந்து, கொன்றவனும் பிடிபடவில்லை என்றால், செத்தவன் நார்மன் என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை, ஆங்கிலேயன்தான் என்று ஊர் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் ஊர் மொத்தத்துக்கும் அபராதம். அதற்குப் பெயர் 'மர்ட்ரம்'. 1340ல்தான் ஒழித்தார்கள்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிணம் கிடக்கிறது. சட்டம் கேட்கும் முதல் கேள்வி "யார் கொன்றார்கள்?" இல்லை. "செத்தது நம்ம ஆளா?" இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவோம்.

காலப்போக்கில் வசூல் வேலை போய், கரோனருக்கு நான்கு கேள்விகள் மட்டும் மிஞ்சின. செத்தது யார், எப்போது, எங்கே, எப்படி. இயற்கையான சாவாகத் தெரியவில்லை என்றால் விசாரணை நடத்த வேண்டும். அதற்குப் பெயர் இன்க்வெஸ்ட். சில வழக்குகளில் ஜூரியும் உண்டு. முடிவில் விபத்து, தற்கொலை, சட்டத்துக்கு உட்பட்ட கொலை, சட்டவிரோதக் கொலை, காரணம் நிர்ணயிக்க முடியவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். இப்போதெல்லாம் நாலு வரி விளக்கமாகவும் எழுதுகிறார்கள்.

முன்காலத்தில் கரோனரின் ஜூரி "இன்னார்தான் கொன்றார்" என்று பெயரையே சொல்லலாம். லூக்கன் பிரபு கேஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1974 நவம்பரில் லண்டனில் அவர் மனைவி குழந்தைகளோடு இருந்த வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண் கொல்லப்பட்டார். பிரபு தலைமறைவு. 1975 ஜூனில் கரோனர் ஜூரி, 'கொன்றது லூக்கன்' என்று அறிவித்துவிட்டது. ஆள் இல்லை, வக்கீல் இல்லை, எதிர்வாதம் இல்லை. இது என்ன நியாயம் என்று ஒரே விவாதம். 1977ல் ஒரு சட்டம் போட்டு, கரோனர் கோர்ட்டில் கொலைகாரன் என்று யார் பெயரையும் சொல்லும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள்.

அதிலிருந்து ஒரு வினோதமான தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது. "இவர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்" என்று சொல்லலாம். யாரால் என்று சொல்லக்கூடாது! மர்டர், மான்ஸ்லாட்டர், தாய் தன் பச்சைக் குழந்தையைக் கொல்வது ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்று அர்த்தம். மகா அலட்சியத்தால் நேரும் சாவும் மான்ஸ்லாட்டரில் அடங்கும். 2008ல் இளவரசி டயானா இன்க்வெஸ்டில் ஜூரி சொன்னது இதைத்தான். டிரைவரும் துரத்தி வந்த வண்டிகளும் ஓட்டிய விதம் அந்த அளவு அலட்சியம் என்றார்கள்.

இது எல்லாம் இங்கிலாந்துக்குள்ளே. ஈராக்கில் செத்தவர் எப்படி ஆக்ஸ்போர்டு கரோனரிடம் வந்தார்? அதற்குக் காரணம் ராணுவம் இல்லை, அரசாங்கம் இல்லை. ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர். ஒரு அப்பா.

ஹெலன் ஸ்மித் என்று 23 வயசு நர்ஸ். சவூதியில் ஜெத்தாவில் வேலை. 1979 மே மாதம் ஒரு டாக்டர் வீட்டு விருந்துக்குப் போனவர் கட்டடத்துக்குக் கீழே பிணமாகக் கிடந்தார். கூடவே ஒரு டச்சுக்காரரின் உடல். பால்கனியிலிருந்து விழுந்துவிட்டார்கள், விபத்து என்று அங்கே முடித்துவிட்டார்கள். லீட்ஸ் பக்கத்தில் இருந்த அப்பா ரான் ஸ்மித் நம்பவில்லை. மகள் உடல் ஊருக்கு வந்தது. அவர் அடக்கம் செய்ய மறுத்துவிட்டார்.

கரோனரிடம் போய் விசாரியுங்கள் என்றார். சாவு வெளிநாட்டில், எனக்கு அதிகாரமில்லை என்று பதில். அவர் கோர்ட்டுக்குப் போனார். சட்டத்தில் என்ன இருக்கிறது? கரோனரின் எல்லைக்குள் ஒரு பிணம் 'இருந்தால்', சாவு இயற்கையானதாகத் தெரியாவிட்டால், விசாரிக்க வேண்டும். எங்கே செத்தார் என்று அதில் இல்லையே! 1982ல் அப்பீல் கோர்ட் இதை ஒப்புக்கொண்டது. உடல் இங்கே இருக்கிறது, ஆகவே இன்க்வெஸ்ட் நடத்து.

நடத்தினார்கள். அந்த வருஷம் டிசம்பரில் ஜூரி, எப்படிச் செத்தார் என்று முடிவாகச் சொல்ல இயலவில்லை என்று திறந்த தீர்ப்புக் கொடுத்தது. ரான் ஸ்மித்துக்குத் திருப்தி இல்லை. மகள் உடலைப் பிணவறையிலேயே வைத்திருந்தார். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, 2009 நவம்பர் வரை. முப்பது வருஷம். அப்புறம்தான் தகனம்.

எங்க பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவர் மகன், எனக்கு அண்ணன், வேலை செய்த இடத்தில் இறந்தான். 'தவறி விழுந்து' என்று ஒரு காகிதம் வந்தது. பணம் எவ்வளவு வந்தது என்பதெல்லாம் பெரியம்மாவுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். யாராவது படித்தவர்கள் வீட்டுக்கு வந்தால் எடுத்துக் காட்டி, "எப்படி விழுந்தான்னு இதுல போட்டிருக்கா பாருப்பா" என்பார். போடவில்லை. சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ரான் ஸ்மித்தைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டாம். என்னால் சொல்ல முடியாது.

அவர் மகளுக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் அவர் திறந்த கதவு மூடவில்லை. 2003ல் ஈராக் போர் தொடங்கி, பிரிட்டிஷ் உடல்கள் விமானத்தில் வந்து இறங்கிய இடம் பிரைஸ் நார்டன் விமானப்படைத் தளம். அது ஆக்ஸ்போர்டுஷையரில் இருக்கிறது. ஆக, பாஸ்ராவில் செத்தவரின் உடல் ஆக்ஸ்போர்டு கரோனரின் எல்லையில் வந்து 'இருந்தது'. விசாரித்தே ஆகவேண்டும்.

இப்போது கணேசன் சாரின் இரண்டாவது கேள்வி. போரில் கொல்வது எப்படிக் குற்றமாகும்?

இதற்கும் பழைய பதில் ஒன்று உண்டு. எட்வர்ட் கோக் என்ற நீதிபதி, 17ஆம் நூற்றாண்டு. மர்டர் என்றால் என்ன என்று அவர் எழுதி வைத்த விளக்கத்தை இன்றைக்கும் லண்டன் கோர்ட்டுகளில் எடுத்துப் பேசுகிறார்கள். அதில் ஒரு சொல், செத்தவர் 'ராஜாவின் அமைதி'க்குள் இருந்தவராக இருக்க வேண்டும் என்பது. அதாவது ராஜாவின் பாதுகாப்பில் இருப்பவர். எதிரிப் படைவீரன், போரின் உக்கிரத்தில், அந்தப் பாதுகாப்புக்கு வெளியே. அவனைக் கொன்றால் மர்டர் இல்லை.

ஓஹோ, போர்னா எல்லாம் செல்லும் போலிருக்கே என்று தோன்றும். ஆனால் உற்றுப் பாருங்கள். விலக்கு 'போரில்' என்பதற்கு இல்லை. எதிரி வீரனாக இருக்க வேண்டும், சண்டை நடந்துகொண்டு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் விலக்கு போச்சு. ஆயுதத்தைப் போட்டவன், அடிபட்டுக் கிடப்பவன், கைதி, ஊர் ஜனம், இவர்களைத் தொட்டால் பழைய சட்டம் திரும்பி வந்துவிடும். 1864ல் தொடங்கி 1949 வரை போட்ட ஜெனீவா ஒப்பந்தங்கள் இதைத்தான் விரிவாக எழுதி வைத்தன.

இரண்டு கேஸ் சொல்கிறேன், நன்றாகப் புரியும். 2013ல் லண்டன் வுல்விச்சில் லீ ரிக்பி என்ற ராணுவ வீரரை நடுத்தெருவில் இரண்டு பேர் வெட்டிக் கொன்றார்கள். அதில் ஒருவன் அப்பீலில், "நான் ஒரு போர்வீரன், நான் ராணியின் அமைதிக்குள் இல்லை, அதனால் இது மர்டர் இல்லை" என்ற வாதத்தை வைத்தான். 2014 டிசம்பரில் கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. நீயாகவே போர் என்று சொல்லிக்கொண்டால் அது போர் ஆகிவிடாது.

இன்னொன்று இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அலெக்ஸாண்டர் பிளாக்மேன், பிரிட்டிஷ் மரைன் சார்ஜென்ட். 2011 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில், ஹெலிகாப்டர் தாக்குதலில் படுகாயம் அடைந்து கிடந்த தாலிபான் ஆளைக் கைத்துப்பாக்கியால் சுட்டார். உண்மையான போர், உண்மையான எதிரி, உண்மையான ராணுவ வீரர். ஆனால் அடிபட்டுக் கிடந்தவன். சக வீரரின் ஹெல்மெட் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஜெனீவா ஒப்பந்தத்தை மீறிவிட்டேன் என்று பிளாக்மேனே சொல்வது அதில் பதிவாகியிருந்தது. 2013ல் ராணுவ கோர்ட் அவரை மர்டர் குற்றவாளி என்றது. 2017ல் அப்பீலில், போர் அழுத்தத்தால் அவர் மனநிலை பாதிக்கப்பட்டிருந்தது என்று மருத்துவ சாட்சியம் வந்து, மான்ஸ்லாட்டராகக் குறைத்தார்கள். குறைத்தார்களே தவிர, 'போர்தானே' என்று விட்டுவிடவில்லை.

ஹெலிகாப்டர் குண்டில் அதே ஆள் அங்கேயே செத்திருந்தால் கேஸே கிடையாது. சில நிமிஷம் கழித்து, அதே வயல், அதே ஆள், கொலை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாமே.

இதை வைத்துக்கொண்டு அந்த டீவி நிருபர் விஷயத்துக்கு வாருங்கள். டெர்ரி லாய்ட், பிரிட்டனின் ஐடிஎன் நிறுவனத்தில் மூத்த நிருபர், 50 வயது. ராணுவத்தோடு ஒட்டிக்கொண்டு போகாமல் தனியாகச் செய்தி எடுக்கப் போனவர். 2003 மார்ச் 22, போர் தொடங்கிச் சில நாள்தான். இரண்டு வண்டி, நாலு பேர். லாய்ட், பிரெஞ்சு கேமராமேன் ஃப்ரெடெரிக் நெராக், பெல்ஜியக் கேமராமேன் டேனியல் டெமூஸ்டியே, மொழிபெயர்ப்பாளர் ஹுசேன் உஸ்மான், லெபனான்காரர். வண்டிகளில் டீவி என்று பெரிதாக எழுதியிருந்தது.

பாஸ்ராவுக்கு வெளியே ஒரு பாலத்தருகில் ஈராக்கிய வண்டிகளுக்கும் அமெரிக்க டாங்கிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். லாய்டின் மேல் முதலில் பாய்ந்தது ஈராக்கியத் தோட்டா. அடிபட்டார், ஆனால் உயிர் இருந்தது. ஒரு ஈராக்கியர் தன் மினிபஸ்ஸை நிறுத்தி, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். அந்த மினிபஸ்ஸின் மேல் அமெரிக்கப் பக்கத்திலிருந்து சூடு. ஒரு தோட்டா லாய்டின் தலையில் பாய்ந்தது.

ஆக்ஸ்போர்டில் 2006 அக்டோபரில் துணைக் கரோனர் ஆண்ட்ரூ வாக்கர் விசாரித்தார். அமெரிக்க வீரர்கள் சாட்சிக்கு வரவில்லை. தோட்டாத் துணுக்கு, காயத்தின் கோணம், பிழைத்தவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்த மினிபஸ்ஸால் அமெரிக்கப் படைக்கு எந்த அபாயமும் இருக்கவில்லை, அதன்மேல் சுட்டது சட்டவிரோதம் என்றார். தீர்ப்பு: அன்லாஃபுல் கில்லிங்.

பிளாக்மேன் கேஸில் பார்த்த அதே கோடு. இரண்டு படைக்கு நடுவே மாட்டிக்கொண்டு குண்டடிபடுவது போரின் கொடுமை. அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் வண்டியைச் சுடுவது வேறு.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? கோப்பு அரசு வழக்கறிஞர்களிடம் போனது. 2008ல் பதில் வந்தது. குறிப்பாக இன்னார்தான் சுட்டார் என்று நிரூபிக்கப் போதிய சாட்சியம் இல்லை, வழக்குப் போட முடியாது. முடிந்தது.

2007 மார்ச்சில் அதே ஆண்ட்ரூ வாக்கர் இன்னொரு தீர்ப்புச் சொன்னார். இது இன்னும் சிக்கல். மேட்டி ஹல், 25 வயது பிரிட்டிஷ் வீரர். 2003 மார்ச் 28 அன்று பாஸ்ரா பக்கம் பிரிட்டிஷ் கவச வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நம்ம வண்டி என்று மேலிருந்து தெரிய ஆரஞ்சு நிறப் பலகைகள் கட்டியிருந்தார்கள். இரண்டு அமெரிக்க ஏ-10 விமானங்கள் அதை ஆரஞ்சு ராக்கெட் என்று நினைத்துச் சுட்டுத் தள்ளின. தங்கள் ஆட்கள்தான் என்று ரேடியோவில் கேட்டதும் விமானிகள் அழுதார்கள். அது எப்படித் தெரியும்? விமான கேமரா டேப் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவ அமைச்சகத்திடமே பிரதி இருந்தது. அமெரிக்காவின் சொத்து, கோர்ட்டில் காட்ட அனுமதியில்லை என்றார்கள். 2007 பிப்ரவரியில் 'தி சன்' பத்திரிகையின் கைக்கு அது கிடைத்து வெளியிட்டுவிட்டது. அப்புறம்தான் அமெரிக்கா சம்மதித்தது.

தவறுதலாகச் சுட்டது விபத்துதானே என்று நானும் நினைத்தேன். அமெரிக்கா சொன்னதும் அதைத்தான். வாக்கர் ஒப்புக்கொள்ளவில்லை. யார் என்று உறுதிசெய்து கொள்ளாமலே தாக்கினார்கள், அப்படித் தாக்கச் சட்டப்படி எந்தக் காரணமும் இல்லை, அதனால் இது சட்டவிரோதம் என்றார். இந்தத் தீர்ப்பு சரியா என்று இன்றைக்கும் இரண்டு விதமாகப் பேசலாம். அழுத விமானிகளை நினைத்தால் எனக்கும் மனசு ஆடுகிறது. ஆனால் ஒன்று. கோர்ட் இல்லையென்றால் அந்த டேப்பை ஹல்லின் மனைவி பார்த்திருக்கவே மாட்டார். நாலு வருஷம் கழித்துத்தான் தன் கணவர் எப்படிச் செத்தார் என்று அவருக்கு முழுசாகத் தெரிந்தது. எங்க பெரியம்மா கேட்டதும் அதுதானே?

'சட்டவிரோதக் கொலை' என்று தீர்ப்பு வந்தால் யாராவது ஜெயிலுக்குப் போவார்கள் என்று எதிர்பார்க்கக்கூடாது. போரில்லாத கேஸிலும் இதே கதை. 1989ல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் செத்தவர்கள் 97 பேர். 1991ல் 'விபத்து' என்றார்கள். குடும்பங்கள் விடவில்லை. அந்தத் தீர்ப்பு ரத்தாகி, 2016ல் புது ஜூரி 96 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றது (97ஆவது ஆள் 2021ல் இறந்தார், முப்பது வருஷத்துக்கு முன் பட்ட காயத்தால்). 2019ல் அன்றைய பொறுப்புப் போலீஸ் அதிகாரி கிரிமினல் கோர்ட்டில் விடுதலை ஆனார். இரண்டு கோர்ட், இரண்டு கேள்வி. ஒன்று இறந்தவரைப் பற்றிக் கேட்கிறது, இன்னொன்று குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி.

முன்பெல்லாம் கரோனர் கோர்ட்டிலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தால்தான் இந்தத் தீர்ப்பு. 2020 நவம்பரில் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட், ஒரு சிறைக் கைதியின் தற்கொலை வழக்கில், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மாற்றிவிட்டது. நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று தெரிந்தால் போதும். தற்கொலைக்கும் அப்படியே, சட்டவிரோதக் கொலைக்கும் அப்படியே. இரண்டு கோர்ட்டுக்கும் நடுவே இடைவெளி இன்னும் கூடியிருக்கிறது.

இப்போது அந்த நார்மன் பிணத்துக்குத் திரும்பி வருகிறேன்.

டெர்ரி லாய்டோடு அன்றைக்குப் போனவர்கள் நாலு பேர் என்றேன். டெமூஸ்டியே பிழைத்தார். நெராக்கின் உடல் கிடைக்கவே இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஹுசேன் உஸ்மான் செத்துப்போனார். அதே பாலம், அதே நாள். ஆனால் ஆக்ஸ்போர்டில் நடந்தது லாய்டின் மரணத்துக்கான விசாரணை மட்டுமே. பிரைஸ் நார்டனில் வந்து இறங்கியது அவருடைய உடல்தானே? சட்டம் உடல் எங்கே 'இருக்கிறது' என்றுதான் பார்க்கும். ரான் ஸ்மித்துக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே விதி, உஸ்மான் வீட்டாருக்குக் கதவாகவே இல்லை.

ஈராக்கியர்கள் கதை அதைவிட மோசம். 2003 செப்டம்பரில் பாஸ்ராவில் பாஹா மூசா என்ற 26 வயது ஓட்டல் ரிசப்ஷனிஸ்ட் பிரிட்டிஷ் ராணுவக் காவலில் செத்தார். உடம்பில் 93 காயங்கள். அவருக்கு எந்தக் கரோனரும் இல்லை. குடும்பம் லண்டன் வரை வழக்குப் போட்டு, ஒரு பொது விசாரணைக் கமிஷன் அமைந்து, அதன் அறிக்கை வர 2011 ஆனது. தண்டனை பெற்றது ஒரே ஒரு கார்ப்போரல், கைதிகளை மனிதத்தன்மையின்றி நடத்தியதற்காக, ஒரு வருஷம். எட்டு வருஷம் கழித்தாவது எப்படிச் செத்தார் என்று எழுதி வைத்தார்கள். அந்தப் போரில் செத்த எத்தனை ஈராக்கியர்களுக்கு அப்படி ஒரு வரி எழுதப்பட்டது என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

எட்டு நூறு வருஷத்துக்கு முன்னால் "செத்தது நம்ம ஆளா?" என்று கேட்டுவிட்டுத்தான் விசாரணை ஆரம்பித்தார்கள். 'மர்ட்ரம்' அபராதத்தை 1340ல் ஒழித்தார்கள். அந்தக் கேள்வியை ஒழித்தார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் கணேசன் சாரிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். சட்டப்படி கொலைன்னு ஒண்ணு இருக்கு சார், ஆனா அது ரொம்பச் சின்ன இடம், போர்லகூட. அந்த இடத்தை விட்டு ஒரு அடி வெளியே வந்தா அது சாதாரணக் கொலைதான். ஆனா யாராவது கேட்டாத்தான் அது தெரியும், கேக்கறதுக்கு ஒரு எடம் வேணும் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மொழிபெயர்ப்பாளர் பேரு என்ன சொன்னே?" என்றார்.

"ஹுசேன் உஸ்மான்."

"ம்ம்," என்றார். மோர் மிளகாயை என் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.